வெள்ளைப்படுதல் எல்லாம் நோயல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பெண்ணுக்கு வெள்ளைப்பட்டால் ‘எலும்பு உருகி வருகிறது’ என்று பயமுறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலும்பாவது, உருகுவதாவது! பிறப்புறுப்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி அது. கருமுட்டை வெளிவரும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக நீளும். பிறகு கெட்டியாகிக் குறையும். அங்குள்ள நல்ல பாக்டீரியாக்கள் சுரக்கும் லாக்டிக் அமிலத்தால்தான் கறுப்பு உள்ளாடையில் வெளிறிய திட்டு விழுகிறது. சோப்போ வாசனைத் திரவமோ விட்டு உள்ளே கழுவினால் அந்தக் காவல் கெடும் (விளம்பரக்காரர்கள் இதைச் சொல்வார்களா?). அரிப்பு, எரிச்சல், மீன்வாடை, பச்சை நிறம், அடிவயிற்று வலி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

மகளிர் பக்கத்தில் அழகுக் குறிப்புக்கு விடுகிற இடத்தில் கால்வாசியையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.