மணியின் முன்னங்கால்

கோத்தகிரி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் காட்டிய நாயைப் பற்றியே இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மருமகள் சோபாவில் சாய்ந்திருக்க, அவள் காலடியில் அது படுத்திருந்தது. யாரோ கதவைத் தட்டியதும் சத்தமில்லாமல் எழுந்துபோய் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டது. "பாரும்மா, இவளை விட்டு அசையவே மாட்டான்" என்று நீ பெருமையாகச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு மாதம் நெருங்குகிறது. ஏதோ ஒரு நடுராத்திரியில் நீ அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிட வேண்டி வரலாம். முன்பின் அறியாத நாலு பேர் சீருடையும் பூட்ஸுமாக உன் வீட்டுக்குள் ஓடிவரலாம். அன்றைக்கும் அந்த நாய் இப்படித்தான் நடுவில் போய் நிற்கும். இதைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2009 நவம்பர் மழையில் சுவர் விழுந்து நம் வீட்டு நாய் மணியின் முன்னங்கால் ஒடிந்தது என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். அது பொய். அப்பா இருந்தவரை உண்மையைச் சொல்ல விடவில்லை.

நீ அப்போது கோயம்புத்தூரில் விடுதியில் இருந்தாய். அந்த மழையில் நீலகிரி முழுவதும் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததும், சாலைகள் பல இடங்களில் அறுந்துபோய் ஆம்புலன்ஸ்கூட வர வழியில்லாமல் போனதும் உனக்குத் தெரிந்ததுதான். நம் வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்படியின் பின்சுவர் மண்ணோடு சேர்ந்து உள்ளே வந்தது. சத்தம் கேட்டு எழுந்துபோன அப்பா, கதவு நிலைக்கு அடியில் இடுப்புக்குக் கீழே மாட்டிக்கொண்டார். என்னால் அந்த நிலையை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியவில்லை. மணியை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, தேயிலைக்குள் இறங்கி தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு ஓடினேன். அங்கே ஒருவர் செல்போனில் காவல் நிலையத்தைப் பிடித்து, என்னையே பேசச் சொன்னார். வீடு இருக்கும் இடத்தைச் சொன்னேன். அப்பாவின் வயதைச் சொன்னேன். கால் மண்ணுக்குள் இருக்கிறது, ரத்தம் வருகிறது என்றும் சொன்னேன். வீட்டில் நாய் இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. மணியை நான் ஒருநாளும் நாய் என்று நினைத்ததில்லை என்பதால் அது என் வாயில் வரவே இல்லை.

ஓர் ஏட்டு, ஓர் இளம் கான்ஸ்டபிள், தீயணைப்புக்காரர்கள் இருவர் என நான்கு பேர் மேல் பாதை வழியாக நடந்தே வந்து, எனக்கு முன்னால் வீட்டை அடைந்துவிட்டார்கள். மணியின் கண்ணுக்கு அவர்கள் எப்படித் தெரிந்திருப்பார்கள் என்று இத்தனை வருடங்களில் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தலையோடு மூடிய மழைக்கோட்டு, முகமே தெரியாதபடி கண்ணில் அடிக்கும் டார்ச் வெளிச்சம், கையில் கம்பு, வாசனை எதுவும் பிடிபடாத மழை. அதற்கு முந்தைய வருடம் எண்ணெய்க்காக அடுப்படிக்குள் புகுந்த கரடியை, தன் காது கிழிந்தும் விடாமல் வெளியே விரட்டியவன் அவன். அன்று அதே அடுப்படி, அதே இருட்டு. எஜமான் தரையில் கிடக்கிறார்.

அவன் குரைக்கவில்லை என்று அப்பா சொல்வார். தள்ளி நின்று குரைக்கிற நாய் "கிட்டே வராதே" என்று சொல்லிக்கொண்டு பின்வாங்கவும் இடம் வைத்திருக்கும். சத்தமே இல்லாமல், உடம்பை விறைத்து, தலையைத் தாழ்த்தி, கண் இமைக்காமல் நிற்கிற நாய்க்குப் பின்வாங்க இடமில்லை. அவன் அப்பாவின் நெஞ்சுக்குக் குறுக்கே அப்படித்தான் நின்றான். தகரக் கூரையில் மழை இறங்கிய சத்தத்தில், "அடிக்காதீங்க, அது ஒண்ணும் பண்ணாது" என்று அப்பா கத்தியது அவர்கள் காதில் விழவில்லை. கான்ஸ்டபிளின் முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவது அடியில், காய்ந்த சில்வர் ஓக் கிளை முறிவது போல ஒரு சத்தம் கேட்டதாக அப்பா சொன்னார். அதற்குப் பிறகும் அவன் மூன்று காலில் அதே இடத்தில்தான் நின்றிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது ஏட்டு அந்தப் பையனின் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தார். நான் ஈரக் கம்பளியை மணியின் தலைமேல் போட்டு, அப்படியே சுருட்டிக் கட்டிக்கொண்டு, "உள்ளே" என்று சொல்லி அரிசி மூட்டை வைத்திருந்த அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். மொத்தத்தில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிட வேலைக்காக அவர்கள் அதற்கு முன் பத்து நிமிடம் போராடியிருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் அப்பாவின் கால் மண்ணுக்குள் இருந்தது.

உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் உன் கோபம்தான். அந்த வயதில் நீ நேராக ஸ்டேஷன் வாசலில் போய் நின்றிருப்பாய். ஆனால் மணியை அடித்த அதே கைகள்தான் அடுத்த அரைமணி நேரம் வெறுங்கையால் மண்ணை அள்ளி அப்பாவை வெளியே எடுத்தன. அவரை நாற்காலியில் வைத்து ஒன்றரை மைல் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் அந்தப் பையனும் ஒருவன். அவனைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்கவும் வரவில்லை. பிறகு வீட்டில் நொண்டுகிறவர்கள் இருவரானார்கள். அப்பா அதை வைத்தே வருகிறவர்களிடம் கேலி பேசுவார்.

அந்தப் பையனுக்கு அன்று இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கூட்டத்தைக் கலைக்கக் கற்றுக்கொடுத்திருப்பார்கள், துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். காயம்பட்டவருக்குக் காவல் நிற்கும் நாயை எப்படி நகர்த்துவது என்று யாராவது கற்றுக்கொடுத்திருப்பார்களா? நான் வேலை பார்த்த அஞ்சலகத்தில் தபால் கொண்டுபோனவருக்கு அது தெரிந்திருந்தது. முப்பது வருடம் இந்த மலையில் வீடு வீடாக நடந்த மனிதர். கையில் ஒரு குடையைத் தவிர ஒன்றும் கிடையாது. கேட்டுக்கு வெளியே நின்று முதலில் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். நாய் வந்தால் அதன் கண்ணைப் பார்க்க மாட்டார்; நேருக்கு நேர் நிற்காமல் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார்; ஓடவே மாட்டார். மிஞ்சிப்போனால் குடையை விரித்து நடுவில் பிடிப்பார். வாலாட்டுகிற நாயெல்லாம் நல்ல நாய் என்று நம்பவும் மாட்டார். அவரை ஒருநாள் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் பேசவைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இங்கே மணி பிழைத்ததற்கு ஒரே காரணம், கான்ஸ்டபிள் கையில் இருந்தது லத்தி என்பதுதான். நீ இருக்கும் ஊரில் இடுப்பில் இருப்பது துப்பாக்கி. உங்கள் டென்வரை ஒட்டிய காமர்ஸ் சிட்டியில் 2012-ல், கழுத்தில் சுருக்குக் கம்பு மாட்டிப் பிடித்த பிறகும் ஒரு நாயைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட அதிகாரியை நீதிமன்றம் விடுவித்தது. ஆனாலும் நாயின் சொந்தக்காரருக்கு நகரம் 2,62,500 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. சால்ட் லேக் சிட்டியில் 2014-ல் காணாமல் போன மூன்று வயதுக் குழந்தையைத் தேடிப் போன காவலர், வேலி அடைத்த ஒரு வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தார். தன் இடத்துக்குள் வந்தவரைப் பார்த்து ஓடிவந்த நாய் அங்கேயே செத்தது. குழந்தையோ தன் வீட்டுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தேடப் போனவரைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை; தன் கொல்லையைக் காத்த நாயையும்தான்.

என்னை உலுக்கியது டெக்சாஸ் சம்பவம். ஆர்லிங்டன் நகரில் 2019 ஆகஸ்டில், புல்தரையில் படுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான் காவலர் போனார். அவளுடைய நாய் குரைத்துக்கொண்டு அவரை நோக்கி ஓடிவந்தது. நாயை நோக்கிச் சுட்ட குண்டு அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்து அவள் இறந்துபோனாள். உதவ வந்தவரின் கையால், காக்க நின்ற நாயின் பின்னால். இதைப் படித்த பிறகுதான், அன்று அப்பாவின் நெஞ்சுக்கு மேல் லத்திக்குப் பதிலாகத் துப்பாக்கி நீண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து எனக்குக் கை நடுங்கியது.

கலிபோர்னியாவில் 1998-ல் சில வீடுகளைச் சோதனையிடப் போன போலீசார் காவல் நாய்களைச் சுட்ட வழக்கில், 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நாய்கள் இருப்பது அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். ஒரு வாரம் கையில் இருந்தும், சுடுவதைத் தவிர வேறு வழி எதையும் அவர்கள் யோசித்து வைக்கவில்லை என்பதுதான் தவறு என்றது. இதைத்தான் நானும் சொல்கிறேன். நாய் பாயும் அந்த இரண்டு நொடியில் யாருக்கும் புத்தி வேலை செய்யாது. யோசிக்க வேண்டியது முந்தைய வாரத்தில். ஆனால் நீதிமன்றத்தை நம்பி நீ இருந்துவிடாதே. மிச்சிகனில் நடந்த இதுபோன்ற இன்னொரு வழக்கில் 2016-ல் தீர்ப்பு போலீஸ் பக்கம்தான் போயிற்று.

உன் மாநிலம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. கொலராடோவில் 2013-ல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, நாய்களை எதிர்கொள்வது பற்றிக் காவலர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், ஆபத்தில்லாத சூழ்நிலைகளில் சொந்தக்காரர் நாயை அப்புறப்படுத்த வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பயிற்சி என்பது மூன்று மணி நேரம்தான். மூன்று மணி நேரத்தில் ஒரு சப்பாத்திகூட ஒழுங்காக வட்டமாக வராது. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல். நம் ஊரில் மிருகவதைத் தடைச் சட்டம் 1960-ல் வந்தது; முதல் தடவை செய்த குற்றத்துக்கு அபராதம் இன்னமும் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் டீயும் வர்க்கியும் சாப்பிட்டால் அதைத் தாண்டிவிடும். மிருகத்தைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ ஐந்து வருடம் வரை சிறை என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 325-வது பிரிவு இருக்கிறது. ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்ற வந்த பையன் பயத்தில் அடித்த அடிக்கு அந்தப் பிரிவைக் கொண்டுவர எனக்கே தோன்றாது.

ஆகவே உன் கையில் இருப்பதைச் செய். 911-ஐக் கூப்பிட்டால் முகவரியைச் சொன்ன மூச்சிலேயே வீட்டில் பெரிய நாய் இருக்கிறது, எந்த அறையில் அடைத்திருக்கிறேன் என்பதைச் சொல். நான் சொல்லாமல் விட்டதை நீ விடாதே. அடைத்த பிறகுதான் வாசல் கதவைத் திறக்க வேண்டும். கழுத்துவாரைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று நினைக்காதே, பதற்றத்தில் உன் கையும் நிற்காது, அதன் பலமும் உனக்குத் தெரியும். நீ வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மருமகளால் அதை இழுக்க முடியாது. அதனால் சொன்ன சொல்லுக்குத் தானாக அறைக்குள் போகும்படி இப்போதே பழக்க வேண்டும். வாரைக் கதவுப் பக்கத்திலேயே ஓர் ஆணியில் மாட்டி வை. நாய் இருக்கிறது என்று வாசலில் எழுதி ஒட்டு. பக்கத்து வீட்டில் ஒருவரையாவது அதற்கு நன்றாகப் பழக்கி வை, நீங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் அதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். அடுத்த மாதம் நான் பெட்டியோடு வந்து இறங்கும்போது என்னையும் அது அந்நியராகத்தான் பார்க்கும் என்பதையும் மறந்துவிடாதே.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். அந்த மழைக்கு இரண்டு மாதம் கழித்து, சேதக் கணக்கு எடுக்க வந்தவர்களோடு அந்த கான்ஸ்டபிளும் வந்திருந்தான். மற்றவர்கள் நேரே முற்றத்துக்குள் வந்துவிட்டார்கள். அவன் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்று, "அம்மா, நாயை உள்ளே விடறீங்களா? அப்புறம் வர்றேன்" என்றான். நான் மணியைப் பார்த்து "உள்ளே" என்றேன். மணி நொண்டிக்கொண்டே எழுந்து போனான். அந்த கான்ஸ்டபிள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

உன் நாய்க்கும் அதே சொல்லைப் பழக்கு. ஆங்கிலத்தில் வேண்டாம், வருகிறவர்கள் கத்துகிற ஆங்கிலத்தில் அது குழம்பிப்போகும். வரும் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது மருமகளையே "உள்ளே" என்று சொல்லச் சொல். எத்தனை நொடியில் போகிறது என்று நான் இங்கிருந்து கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா