ஓலையும் பந்தியும்: சேகர ஐக்கிய சங்கத்தின் ஆண்டறிக்கை

பல சபைகள் சேர்ந்த நம் சேகரத்தின் தலைவரும் குருவானவருமான மதிப்பிற்குரிய ஐயரவர்களுக்கும், சபை ஊழியர்களுக்கும், கமிட்டியாருக்கும், சங்கத்துச் சகோதர சகோதரிகளுக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். கடந்த ஆண்டின் வேலைகளை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

ரோமர் 12:2-ஐ ஆண்டு வசனமாக எடுத்திருந்தோம். "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று வாசித்ததும் பேச்சு சேலை, நகை, சினிமா என்று போய்விடுவது வழக்கம். அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று முதல் செயற்குழுவிலேயே முடிவானது. வெள்ளை உடுத்தி, பொன் அணியாமல் வாழ்கிற பெந்தெகொஸ்தே சபையார் அதை மனதாரக் கைக்கொள்கிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு இடமில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அண்ணாச்சி நம்மை எடைபோடுவது வேறு இடங்களில். நாம் கல்யாணம் எப்படிப் பேசுகிறோம், பந்தியில் யார் பக்கத்தில் உட்காருகிறோம், வாங்கின கடனையும் விற்கிற சரக்கையும் எப்படி நடத்துகிறோம் என்று பார்க்கிறார்.

நம் திருநெல்வேலிப் பகுதியில் பிரிந்து வாழ்தல் ஒரு காலத்தில் ஊர் எல்லையாகவே இருந்தது. விசுவாசத்தினிமித்தம் அடியும் உதையும் வாங்கியவர்களுக்காக 1799-இல் உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் நிலம் வாங்கிக் குடியேற்றிய முதலூர் அப்படிப் பிறந்தது. பிறகு மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் நிலங்களை வாங்கி, விரட்டப்பட்ட குடும்பங்களைக் குடிவைத்தது. அந்த ஊர்களால் நமக்குக் கோயிலும் பள்ளிக்கூடமும் கிடைத்தன. சாதியும் சீதனமும் மட்டும் எல்லையில் நிற்காமல் நம்மோடு கூடவே உள்ளே வந்துவிட்டன. இந்த ஆண்டு வேலையில் பெரும்பங்கு அவை இரண்டின் மேல்தான்.

முதலாவது திருமணம். மூன்று ஞாயிறு ஆராதனையில் திருமண அறிவிப்பாகிய ஓலையை வாசிக்கும்போது "தடை இருந்தால் சொல்லலாம்" என்று ஐயர் கேட்கிறார். சபை வாய் திறப்பதில்லை. திறந்தாலும் பயனில்லை, ஏனென்றால் ரொக்கம் நிச்சயத்தன்றே கைமாறிவிடுகிறது. ஆகவே ஓலைக்கு எழுதிக்கொடுக்குமுன், இரு வீட்டாரையும் சங்கத்தின் இரண்டு மூத்த தம்பதியர் சந்திப்பது என்று ஒழுங்கு செய்தோம். மாப்பிள்ளையையும் அவர் தாயாரையும் ஒரே அமர்வில் உட்காரவைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தனித்தனியாகப் பேசினால் பையன் "எனக்கு ஒண்ணும் தெரியாது, அம்மாதான் பேசினாங்க" என்பார். அம்மா "நாங்க ஒண்ணும் கேக்கல, அவங்களா போடுறாங்க" என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்வார்கள். தொகையைப் பேசி முடித்தது தரகரோ தாய்மாமனோவாக இருக்கும்.

கேட்பது ரொக்கம் என்ற பெயரில் இப்போது வருவதில்லை. "பையன் படிச்ச செலவு", "தொழிலுக்கு ஒரு கை உதவி", "பொண்ணு போய்வர ஒரு வண்டி", "உங்க பொண்ணுக்குத்தானே போடுறீங்க" என்று வருகிறது. எதுவானாலும் கல்யாணம் நடப்பதற்கு அது நிபந்தனையா என்று ஒரே கேள்வி கேட்டால் போதும். "அது இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும்" என்று பதில் வந்தால் அது வரதட்சணைதான். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம்: குறைந்தது 5 ஆண்டு சிறை, அதோடு 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இதில் எது அதிகமோ அந்த அளவுக்குக் குறையாத அபராதம். கேட்டாலே தனிக் குற்றம். பெண்ணைப் பெற்றவருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்பது நம் ஆட்களில் பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கிறது.

கேளாமல், வழக்கப்படி, கொடுப்பவரின் சக்திக்கு மிஞ்சாமல் போடுகிற அன்பளிப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அதற்குப் பட்டியல் வேண்டும். 1985-இன் விதிப்படி மணமகளுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் வைத்திருக்க வேண்டும். பொருள், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவாக இருந்தால் என்ன உறவு, கீழே இருவர் கையொப்பம். இந்தப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு ஓலைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுக்கிறோம். பவுன் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதாது. எந்தச் சங்கிலி, எந்த வளையல், எத்தனை கிராம் என்று தனித்தனியே எழுதவேண்டும். பின்னால் பிரச்சினை வந்து நகையைத் திரும்பக் கேட்க நேர்ந்தால் "40 பவுன்" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. "சந்தேகப்பட்டு எழுதச் சொல்றீங்களா?" என்று கோபித்தவர்கள் உண்டு. சம்பளம் வாங்கினால் கையெழுத்துப் போடுகிறோம், அதில் கோபம் வருவதில்லை என்று சொல்லிப் புரியவைத்தோம்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகக் கைமாறிய பணமும் உண்டென்று எல்லாரும் அறிவோம். அதைத் துப்பறிவது சங்கத்தின் வேலையாகாது. செய்யக்கூடியது ஒன்றே: கல்யாணத்துக்கு வாங்கிய கடனை இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் எழுத்தில் சொல்லவேண்டும் என்று கேட்பது. பெண்ணின் தகப்பனார் 4 லட்சம் ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000. நாலு வருடத்தில் வட்டி மட்டும் 3,84,000. அசல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கைப் பேனா எடுத்துப் பையன் கையாலேயே போடவைத்தால், எத்தனை பிரசங்கம் கேட்டும் இளகாத முகம் இளகுகிறது.

கல்யாணத்துக்கு முந்தின இரவு பந்தலுக்குப் பின்னால் நடக்கிற குடியையும் இதோடு சொல்லவேண்டும். "பசங்களுக்கு ஏதாவது செய்யணும்" என்று பணம் கொடுப்பது பெரும்பாலும் ஒரு சித்தப்பாவோ மச்சானோதான். வாலிபர்களைத் திட்டுவதைவிட அந்தப் பெரியவரிடம் முன்கூட்டிப் பேசுவது பலன் தருகிறது. காய் வெட்டுவது, தேங்காய் திருவுவது, பந்தல் விளக்கு இவற்றை வாலிபர் சங்கம் பொறுப்பேற்ற வீடுகளில் இரவு 11 மணிக்குமேல் சும்மா நிற்க ஆளில்லை.

இரண்டாவது, சபையார் கூடி உண்ணும் அசனம். ஒரே பந்தி என்பது நம்மவர்களுக்கு எளிதாக வந்ததில்லை. பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் தம் செமினரி மாணவர் எல்லாரும் சேர்ந்து சாப்பிடவேண்டும் என்றபோது பலர் வெளியேறினார்கள். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் (பிஷப்) டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே ஒழிக்கவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் திரளானவர்கள் விலகிப்போனார்கள். இன்று யாரும் விலகிப்போவதில்லை, தூக்குவாளி கொண்டுவருகிறார்கள். "வீட்ல வயசானவங்க இருக்காங்க, பார்சல் குடுங்க" என்று கேட்கும் நாலு பேரில் ஒருவருக்காவது வீட்டில் முடியாதவர் நிஜமாகவே இருப்பார். அவரை மறுக்க முடியாது. மற்றவர்கள் எந்தத் தெருக்காரர், யார் பக்கத்தில் உட்கார மனமில்லாதவர் என்பது பந்தி விசாரிக்கிற எவருக்கும் தெரியும்.

ஆகவே பார்சலைக் கடைசிப் பந்தி எழுந்தபிறகு மட்டும் கட்டினோம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வாலிபர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாசலில் சீட்டு கொடுத்து, சீட்டு எண்படி உட்காரவைத்தோம். குடும்பத்துக்கு மொத்தமாகச் சீட்டு கொடுத்தால் தெருத் தெருவாக உட்கார்ந்துவிடுவார்கள்; தலைக்கொன்றாக, கலைத்துக் கொடுக்கவேண்டும். சிறுபிள்ளைகளைத் தாயோடு விட்டுவிடலாம். பரிமாறுகிற வாளிக்கும் இதே ஒழுங்கு: சோற்று வாளி ஒரு தெருவுக்கு, இலை எடுப்பது இன்னொரு தெருவுக்கு என்ற பழைய வழக்கம் கண்ணில் படாமலே தொடர்கிறது. பந்திக்குப் பந்தி வேலையை மாற்றினால்தான் அது உடையும். கமிட்டியாருக்குத் தனி மேஜை போடவில்லை. இதில் மனவருத்தம் அடைந்தவர்கள் கமிட்டியாரிலேயே இருந்தார்கள் என்பதை மரியாதையோடு பதிவு செய்கிறேன்.

அளவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஆளுக்கு 125 கிராம் அரிசி என்றால் 800 பேருக்கு 100 கிலோ, கறி ஆளுக்கு 100 கிராம் வீதம் 80 கிலோ. முன்பு இதற்கு மேலும் பொங்கியது பார்சலுக்காகத்தான்.

மூன்றாவது, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை. மிசோரம் சபைகள் ஊழியங்களைத் தாங்க இந்தப் பிடி அரிசியும் கைகொடுக்கிறது. ஒரு பிடி சுமார் 50 கிராம். இருவேளை உலை வைக்கிற வீட்டில் மாதம் 3 கிலோ சேரும். நம்மிடம் கெடுவது இரண்டு காரணத்தால். மாதக் கடைசியில் எடுத்தால் வண்டு விழுகிறது. ரேஷன் அரிசியும் பொன்னியும் ஒரே சாக்கில் கலந்தால் ஏலத்தில் கேட்பார் இல்லை. இப்போது வாரந்தோறும் எடுக்கிறோம், சாக்கும் இரண்டு. 1903-இல் அசரியாவும் தோழர்களும் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது இந்தியப் பணத்தால் நடத்துவோம் என்று துணிந்தது இப்படிப்பட்ட வீடுகளை நம்பித்தான்.

கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்து, சான்றிதழைக் கடையில் மாட்டும்படி கேட்டுக்கொண்டோம். பெரும்பாலோர் செய்தார்கள். பீடி சுற்றும் தாய்மார் விஷயத்தில் சங்கம் தீர்மானம் எதுவும் எடுக்கவில்லை. புகையிலைக்கு விரோதமாகப் பேசிவிட்டு அவர்கள் கூலியிலிருந்து வரும் காணிக்கையை எண்ணுவது இசைவாக இல்லை. வேறு பிழைப்புக்கு வழிசெய்யாமல் விடச் சொல்வதும் நியாயமில்லை. தையல் பயிற்சிக்கு இரண்டு இயந்திரம் வாங்கும் கோரிக்கை கமிட்டியின் முன் இருக்கிறது.

தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இன்றைய கூட்டம் இரண்டு தீர்மானங்களை முடிவு செய்யவேண்டும். அன்பளிப்புப் பட்டியல் இல்லாமல் ஓலைப் படிவம் பெறுவதில்லை என்று சேகரக் கமிட்டிக்குப் பரிந்துரைப்பது ஒன்று. அடுத்த அசனத்திலும் சீட்டு முறையும் பார்சல் ஒழுங்கும் தொடர்வது மற்றொன்று. இரண்டாவதற்குத் திருத்தம் கொண்டுவர விரும்புவோர் அதை எழுத்தில், கையொப்பத்தோடு, கணக்கு வாசித்து முடியுமுன் என்னிடம் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருடைய பணியில்,
செயலர்