பாப்பாவுக்கு, சீசன் டிக்கெட் முடிவதற்குள்

ஓசூர்
8.2.2026, ஞாயிறு

அன்புள்ள பாப்பா,

எம்.ஏ.வை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி வியாழக்கிழமை ராத்திரி நீ போனை வைத்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ரூமில் இன்று யாரும் இல்லை. மூன்று பேரும் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் படம் பார்க்கப் போய்விட்டார்கள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் உன் போன் பாதி நேரம் அம்மா கையில் இருக்கிறது. பேசலாம் என்றால் நான் வாயைத் திறந்ததுமே பின்னாலிருந்து அம்மா குரல் வந்துவிடுகிறது. அதனால்தான் பேப்பர். ஸ்டோர்ஸ் லெட்ஜர் எழுதிப் பழகிய கை, எழுத்தாவது புரியும்.

நீ கஷ்டப்படவில்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்த ரயில் லைன் எனக்குத் தெரியாததா? நம் திருவாலங்காட்டில் ஏறினால் சென்னை சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மணவூர், செஞ்சி பனம்பாக்கம், கடம்பத்தூர் வரைக்கும் காற்று வரும். திருவள்ளூரில் ஒரு கூட்டம் ஏறியதும் கையைத் தூக்கினால் இறக்க முடியாது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆளாக நுனியில் தொற்றிக்கொண்டு, ஆவடியில் யாராவது எழுந்திருப்பார்களா என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதையில் ரோட்டைக் கடந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்து, சிந்தாதிரிப்பேட்டை தாண்டிச் சேப்பாக்கத்தில் உன் யுனிவர்சிட்டி. போக இரண்டேகால் மணி, வர இரண்டேகால் மணி. "மாசம் நூறு மணி நேரம் ரயில்லயே போகுதுப்பா" என்றாய். 22 நாளுக்குப் பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

உன்னோடு பிளஸ் டூ படித்த பெண்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக்குப் போகிறார்கள், ஊர் முனைக்கே பஸ் வருகிறது, சாப்பாடும் அங்கேயே, மாதம் பதினாறாயிரம் கையில் வருகிறது என்றாய். "நான் மட்டும் அப்பா காசுல சுண்டல் வாங்கித் தின்னுக்கிட்டு வர்றேன்" என்றாய். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன், நீ கோபித்துக்கொண்டாய். சிரித்ததற்குக் காரணம் அந்தச் சுண்டல்தான். பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, மேலே மாங்காய் துருவல் போட்டு, பெட்டிக்குப் பெட்டி தாவித் தாவி விற்பார்களே. நானும் அதைத் தின்றுகொண்டுதான் வந்தேன்.

எம்.ஏ. வரலாறு முடித்தால் வேலை வாசலில் வந்து நிற்கும் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். 2021–22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நம் மாநிலத்தில் 47 சதவீதம், நாடு முழுக்கப் பார்த்தால் 28. என் காலத்தில் நம் தெருவிலிருந்து காலேஜுக்குப் போனது இரண்டே பேர். இன்று வீட்டுக்கு வீடு ஒரு பட்டம் மாட்டியிருக்கிறது. பட்டத்தைக் காட்டியதும் நாற்காலி போட்டு உட்காரவைத்த காலம் போய்விட்டது என்று நீ சொன்னதில் தப்பே இல்லை.

ஆனால் கடைசியாக ஒன்று சொன்னாய். "வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்தா நான் நிக்கிறதுதான்ப்பா நல்லது."

பாப்பா, அந்த வார்த்தை என்னுடையது. இருபத்தைந்து வருடமாக நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தை. அதை உன் வாயில் கேட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் ஏன் பி.காம். முடிக்கவில்லை என்று உனக்கும் அம்மாவுக்கும் சொல்லியிருப்பது பொய்.

1993 ஏப்ரல். கடைசி செமஸ்டரில் காஸ்ட் அக்கவுன்டிங் ஒரு பேப்பர் பாக்கி. மற்றதெல்லாம் எழுதியாயிற்று. முந்தின நாள் நம் தெருவில் ஒரு கல்யாண வீடு. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, பந்தலில் டிவியை வைத்து, விடிய விடிய மூன்று படம். ஒரு படம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். காலையில் உன் ஆயா வந்து எழுப்பும்போது நான் பிடிக்கவேண்டிய வண்டி திருவள்ளூர் போயிருக்கும். அடுத்த வண்டியில் தொங்கிக்கொண்டு போனேன். ஹாலுக்குள் நுழையும்போது பத்தே முக்கால். அரை மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது விதி. மேற்பார்வைக்கு இருந்த சார் என் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை. வண்டிமேலும் இல்லை.

உடனே வீட்டுக்கு வரப் பயம். சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளத்துப் பழைய புத்தகக் கடைகளில் சாயங்காலம் வரை சுற்றினேன். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோன பிறகு கடைக்காரர்கள் அங்கே வந்திருந்தார்கள். அந்த காஸ்ட் அக்கவுன்டிங் புத்தகத்தையே அங்கேதான் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன், அன்றைக்கு அதே கடையில் விற்றேன். வழக்கமான வண்டியில் ஏறி, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். "எப்படிடா எழுதின?" என்று தாத்தா கேட்டார். "கஷ்டமா இருந்துச்சு" என்றேன். ரிசல்ட் வந்ததும் ஒரு பேப்பர் போச்சு என்றேன். அக்டோபரில் எழுதியிருக்கலாம். பணம் கட்டப் போகும்போது யாராவது "அன்னைக்கு ஏன்டா வரல?" என்று கேட்டுவிடுவார்களோ என்று போகவே இல்லை. அடுத்த ஏப்ரலும் போயிற்று. காலை வண்டியைப் பார்த்தாலே வயிறு கலங்கும். ரயிலே பிடிக்காமல் போய்விட்டது. படிப்பு பிடிக்காமல் போகவில்லை, அது வேறு விஷயம். எனக்கே அப்போது அது தெரியவில்லை.

அப்புறம் 2001-ல் உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போனோம். "மாப்பிள்ளை காலேஜ் போனாரே, ஏன் முடிக்கல?" என்று அவள் பெரியப்பா கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "வீட்ல கஷ்டம், மேல படிக்க வைக்க முடியல" என்றேன். தாத்தா என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். என் மூன்றாம் வருடப் பணத்துக்காகக் கறவை எருமையை ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்த மனுஷன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து, உதறி, மடித்து, மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். எதிரே வைத்திருந்த காபியைக் குடித்தார். அவ்வளவுதான். வரும் வழியிலும் கேட்கவில்லை, சாகும் வரையிலும் கேட்கவில்லை.

கள்ள அழுகையை நீலிக்கண்ணீர் என்கிறோமே, அந்த நீலி நமக்குப் பக்கத்துப் பழையனூர்க்காரி என்று நீதான் எனக்கு முழுக் கதையும் சொன்னாய். அவள் பொய்யை நம்பிக் கொடுத்த வாக்குக்காக 70 வேளாளர்கள் தீயில் இறங்கினார்கள் என்றாய். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் எனக்குச் சுருக்கென்று இருந்தது உனக்குத் தெரியாது.

நீ பிளஸ் டூ முடித்ததும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மனு போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்பாவின் படிப்பு என்ற இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பேப்பர் எழுதியிருந்தால் அந்த மனுவுக்கே வேலை இருந்திருக்காது. இங்கே கம்பெனியிலும் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் பதவி இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் டிகிரி கேட்டார்கள். வந்த பையன்களுக்கு வேலை கற்றுக் கொடுத்தது நான். நல்ல பையன்கள்தான், பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

சரி, என் புராணம் போதும். உன் படிப்பால் என்ன லாபம் என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ சாப்பிட்டுக்கொண்டே திருவாலங்காட்டுச் செப்பேடு பற்றிச் சொன்னாய். 1905-ல் கிடைத்தது, 31 ஏடு, ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டு, பழையனூரை நம் கோயிலுக்குக் கொடுத்த சாசனம். ரசம் இலையில் ஓடிக்கொண்டிருந்தது, நீ கையால் எல்லை வரைந்து காட்டிக்கொண்டிருந்தாய். அந்தக் காலத்தில் தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண் யானையை நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறிப்பார்கள் என்றாய். ஐம்பது வருடமாக அந்தக் கோயிலுக்குப் போகிறேன். ரத்தின சபை என்று தெரியும், காரைக்கால் அம்மையார் தலையால் நடந்த ஊர் என்பதால் சம்பந்தர் கால் வைக்கத் தயங்கினார் என்று தெரியும். இந்த எல்லை சமாச்சாரம் எனக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாளே அது வேலைக்கு ஆகிவிட்டது. தாத்தாவின் 42 சென்ட் நில விஷயமாக நானும் நீயும் தாலுகா ஆபீசுக்குப் போனோமே. பத்து வருடமாக நான் தனியாகப் போய் "நாளைக்கு வாங்க" என்று கேட்டுத் திரும்பிய இடம். நீ பழைய பத்திரத்தை அங்கேயே பெஞ்சில் விரித்துவைத்து, வடக்கே வாய்க்கால், கிழக்கே வரப்பு என்று விரல் வைத்துப் படித்தாய். புல வரைபடத்தோடு ஒப்பிட்டாய். "சார், பத்திரத்துல வாய்க்காலுக்குத் தெற்கேன்னு இருக்கு, பட்டால உட்பிரிவு எண் மாறியிருக்கு. எழுத்துல மனு தர்றோம், ஒப்புகைச் சீட்டு குடுங்க" என்றாய். குரலை உயர்த்தவே இல்லை. அவர் சீட்டுக் கொடுத்தார். நான் உன் பின்னால் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதற்கு எத்தனை சம்பளம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. பதினாறாயிரத்தோடு அதை எப்படி நிறுப்பது?

கம்பெனி வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் நின்றுகொண்டே எட்டு மணி நேரம் உழைக்கிறார்கள், நானும் அதே வர்க்கம்தான். படிப்பு உனக்கு அலுத்துவிட்டது, கல்வெட்டைப் பார்த்தால் கொட்டாவி வருகிறது என்றால் சொல், அடுத்த வாரமே நிறுத்திவிடலாம், நான் அம்மாவைச் சமாளிக்கிறேன். ஆனால் ரயில் அலுத்ததற்காகப் படிப்பை நிறுத்தாதே. இரண்டும் வேறு வேறு. ரயிலுக்கு வழி இருக்கிறது.

சித்திரையில் என் சீட்டு எடுக்கிறேன், ஒரு லட்சம். தள்ளுபடி போகக் கையில் வருவதை உனக்குத்தான் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைக்கட்டும். யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் அடுத்த வருடத்துக்கு எப்போது விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று விசாரி. கிடைக்காவிட்டால் திருவல்லிக்கேணி பக்கம் நாலு பெண்களாகச் சேர்ந்து லேடீஸ் ஹாஸ்டல் பார்க்கலாம், நடந்து போகிற தூரம். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் மதியத்தோடு கிளாஸ் முடிகிறது என்றாயே, அந்த நாட்களில் லைப்ரரியில் உட்கார்ந்தது போதும், கூட்டம் ஏறுவதற்கு முன்னால் வண்டியைப் பிடித்து வந்து தூங்கு. கண் கீழே கறுத்துக்கிடக்கிறது, வீடியோ காலில் பார்த்தேன்.

காலேஜ் முடிக்கும் வரை இலவச சீசன், 2022-லிருந்து புதுமைப் பெண் பணம் மாதம் 1,000 என்று உன் கையில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. எம்.ஏ. வந்ததும் இரண்டும் நின்றுவிட்டது, அதனால் கேட்கக் கூச்சப்படுகிறாய். எனக்குப் புரிகிறது. பாதிக் கட்டண சீசன், பறக்கும் ரயில், கேன்டீன், ஜெராக்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. சுண்டலையும் சேர்த்து எழுது.

நாளைக்கு ஒருத்தர் உன்னிடம் ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்டு, நீ வீட்டுக் கஷ்டம் என்று சொல்ல, நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருக்கும்படி செய்துவிடாதே. தாத்தா அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது, நான் பேசிவிடுவேன்.

பீரோ மேலே தகரப்பெட்டி இருக்கிறது. அடியில் பழைய ரேஷன் கார்டுக்குள் என் ஹால் டிக்கெட் இருக்கும், மீசை சரியாக முளைக்காத போட்டோவோடு. எடுத்துப் பார். அம்மா என்னவென்று கேட்டால் இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு. நான் வரும்போது திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சீசன் 14-ஆம் தேதி முடிகிறது என்றாய். ஜிபேயில் பணம் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமையே எடுத்துவிடு, சனிக்கிழமை கவுன்டரில் கூட்டம் இருக்கும்.

அன்புடன்,
அப்பா