மனநலச் செவிலியம்: படிப்பு இருக்கிறது, பதவி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் 2 முடிவுகள் வந்ததும் நாளிதழ்களில் வெளியாகும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களில் நர்சிங்குக்குத் தாராளமாக இடம் ஒதுக்குகிறார்கள். அதில் மனநலச் செவிலியத்துக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். இத்துறைக்கு வர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் அறிய வேண்டியவற்றையும், அரசின் கவனத்துக்கு வர வேண்டியவற்றையும் எழுதுகிறோம்.

நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கில் 5, 6-ஆம் பருவங்களில் மனநலப் பாடம் வருகிறது. பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண், நர்சிங் கவுன்சில் பதிவு, ஓராண்டு பணி அனுபவம் ஆகியவை இருந்தால் இரண்டாண்டு எம்.எஸ்சி.யில் மனநலச் செவிலியத்தைச் சிறப்புப் பிரிவாக எடுக்கலாம். பொது நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். முடித்தவர்களுக்கும் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ உண்டு. வார்டிலேயே வேலை பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அதுவே போதும் என்பது எங்கள் கருத்து. எம்.எஸ்சி. முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி ட்யூட்டராகப் போய்விடுகிறார்கள். அவர்கள் படித்ததை நோயாளி அருகில் பயன்படுத்த நம்மிடம் பதவியே இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மனநல வார்டுப் பயிற்சி (போஸ்டிங்) எங்கே, எத்தனை வாரம் என்று கேளுங்கள். அவசரப் பிரிவு, குடிபோதை மீட்பு வார்டு, மின் அதிர்வு சிகிச்சை (ஈ.சி.டி.) அறை, குழந்தைகள் பிரிவு நான்கும் உண்டா என்று கேளுங்கள். 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் போன்ற பெரிய மருத்துவமனையில் ஒரு மாதத்தில் பார்ப்பதை, மறுவாழ்வு இல்லத்தில் ஓராண்டு இருந்தாலும் பார்க்க முடியாது. அங்கே இருப்பவர்கள் நோய் அடங்கி வந்தவர்கள். நோய் முற்றிய நிலையைப் பார்க்காமலே பட்டம் வாங்கி வருபவர், முதல் நைட் டியூட்டியில் தடுமாறிப்போவார்.

'பேச்சுக் கொடுத்துச் சமாதானப்படுத்தும் வேலைதானே' என்று பொது வார்டுகளில் சொல்வதுண்டு. மனநோய்க்கான ஹாலோபெரிடால் ஊசி போட்ட இளைஞருக்குச் சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் கோணும், நாக்கு தடிக்கும், கண்விழி மேலே செருகும். பழக்கமில்லாதவர் 'நடிக்கிறான்' என்பார். அது மருந்தின் பக்கவிளைவு. டாக்டர் உத்தரவுப்படி அதற்கு மாற்று மருந்தான ப்ரோமெதசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். குரல்வளைத் தசை இறுகினால் மூச்சே நின்றுவிடலாம். இன்னொரு பக்கவிளைவு இதைவிட ஏமாற்றும். நோயாளியால் ஓரிடத்தில் உட்கார முடியாது, நடந்துகொண்டே இருப்பார். அதைப் படபடப்பு என்று கேஸ் ஷீட்டில் எழுதினால், டாக்டர் அதே மருந்தைக் கூட்டுவார். நடை இன்னும் அதிகமாகும்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு, மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. கடைசி மாத்திரை விழுங்கி 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுக்க வேண்டும். பச்சை மூடி ட்யூபில் எடுத்தால் பெரும்பாலும் அதிலேயே, ரத்தம் உறையாமலிருக்க, லித்தியம் ஹெப்பாரின் இருக்கும். அளவு பொய்யாக ஏறும், ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தைக் குறைத்துவிடுவார்கள். வழக்கமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் விஷமாகத் தொடங்கும். நம் ஊர்க் கோடையில் வியர்வையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தாலோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கிச் சாப்பிட்டாலோ, டோஸ் மாறாமலே அளவு எகிறிவிடும். வீட்டுக்குப் போகும் நாளில் இதை உட்கார்ந்து சொல்ல வேண்டியவர் நர்ஸ்தான்.

சட்டத்துக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, மனநலச் செவிலியர்களை மாநில மனநல ஆணையம் பதிவுசெய்து பட்டியலை வெளியிட வேண்டும் என்கிறது. இது வெறும் காகிதப் பதிவு அல்ல. தானாக வந்து சேர்ந்த நோயாளி தன்னையோ பிறரையோ காயப்படுத்த முனையும்போது, வெளியேற விடாமல் 24 மணி நேரம் நிறுத்திவைக்கும் அதிகாரம், 88-ஆவது பிரிவின்படி, இப்படிப் பதிவுபெற்ற நர்ஸ் உட்பட மனநல வல்லுநருக்கு உண்டு. பதிவில்லாத நர்ஸுக்கு, எம்.எஸ்சி. படித்திருந்தாலும், கிடையாது. தனியறையில் பூட்டிவைப்பதை 97-ஆவது பிரிவு அடியோடு தடுக்கிறது. கட்டிவைப்பது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு. நைட் டியூட்டியில் இதையெல்லாம் நடைமுறைப்படுத்துபவர் நர்ஸ். ஆனால் அதே சட்டத்தின் வரையறையில் பொது நர்சிங் டிப்ளமோ முடித்தவரும் மனநலச் செவிலியரே. கூடுதலாகப் படித்தவருக்கென்று தனித் தகுதி எதுவும் அதில் இல்லை.

மருந்து எழுதித் தரும் உரிமையும் இங்கே செவிலியருக்கு இல்லை. அமெரிக்காவில் உண்டு, ஆனால் 'இங்கே எம்.எஸ்சி. போதும், அங்கே போனால் மருந்து எழுதலாம்' என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். முதலில் என்க்லெக்ஸ் தேர்வு எழுதி நர்ஸ் உரிமம் வாங்க வேண்டும். பிறகு அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற மனநல நர்ஸ் ப்ராக்டிஷனர் (மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸ்) படிப்பை, மேற்பார்வைப் பயிற்சியோடு முடித்துத் தனிச் சான்றுத் தேர்வும் எழுத வேண்டும்.

இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கு நர்ஸ் ப்ராக்டிஷனர் படிப்பைக் கொண்டுவந்துவிட்டது. மனநலத்துக்கும் அதைக் கொண்டுவர வேண்டும். அதற்குக் காத்திராமல் மாநில அரசு செய்யக்கூடியவை மூன்று. அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலத் துறை ஒவ்வொன்றிலும் வார்டுப் பணிக்கென்றே சிறப்புச் செவிலியர் பதவி உருவாக்க வேண்டும். மனநலப் பயிற்சி பெற்றவரைச் சுழற்சி முறையில் பிரசவ வார்டுக்கும் அறுவை வார்டுக்கும் மாற்றுவதை நிறுத்த வேண்டும். 55-ஆவது பிரிவுப் பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கும்படி வைத்து, பதிவு விண்ணப்பத்துக்குக் காலக்கெடு நிர்ணயிக்க வேண்டும். இரண்டாவதற்குச் சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். புதிதாகப் பணம் ஒதுக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
மனநலச் செவிலியம் கற்பிப்போர் சிலர்,
சென்னை