செயலாளரின் ஆண்டறிக்கை: ஹார்ட்லிப்பூல், 2024–25

பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் அஞ்சலிச் சங்கத்தின் செயற்குழு சார்பில் 2024–25ஆம் ஆண்டுக்கான அறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன்பே அவரைப் பார்த்துவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

இவ்வாண்டின் முதன்மையான நிகழ்ச்சி, முதல் உலகப் போரின்போது வடகிழக்கு இங்கிலாந்தின் துறைமுகமான நம் ஊர் மீது நடந்த ஜெர்மன் கடற்படைத் தாக்குதலின் 110ஆம் ஆண்டு நினைவுக் கூட்டம். 1914 டிசம்பர் 16 அன்று காலை 8.10 மணிக்கு முதல் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும், பழைய ஊர்ப் பகுதியான ஹெட்லேண்டில் உள்ள கல்வெட்டின் முன், அதே நாளில் அதே நேரத்தில் கூடி மௌன அஞ்சலி செலுத்தினோம். ஸைட்லிட்ஸ், மோல்ட்கே, ப்ளூகர் என்ற மூன்று ஜெர்மன் கப்பல்கள் சுமார் நாற்பது நிமிடங்களில் 1,150 குண்டுகளைப் பொழிந்ததையும், கரையில் இருந்த மூன்றே மூன்று ஆறு அங்குலப் பீரங்கிகள் 123 முறை திருப்பிச் சுட்டு ப்ளூகரைத் தாக்கியதையும் துணைத் தலைவர் எடுத்துரைத்தார். பீரங்கியின் பார்வையை மறைத்த கலங்கரை விளக்கத்தை மறு ஆண்டே இடித்து அகற்றினார்கள் என்பது புதிய உறுப்பினர்கள் பலருக்கும் செய்தியாக இருந்தது. தலைமையாசிரியர் வேலையை விட்டு டர்ஹாம் காலாட்படையில் சேர்ந்து, அன்று காலை காவலில் நின்று உயிரிழந்த தியோஃபிலஸ் ஜோன்ஸின் பெயரும், வீட்டிலும் தெருவிலும் மாண்டவர்களின் பெயர்களும் வாசிக்கப்பட்டன. அந்தப் போரில் எதிரியின் தாக்குதலால் பிரிட்டிஷ் மண்ணில் இறந்த முதல் படைவீரர் ஜோன்ஸ்தான்.

அஞ்சலிக்குப் பின் தேநீர் வேளையில் எழுந்த விவாதம் ஆண்டு முழுவதும் ஓயவில்லை என்பதால், அதைச் சற்று விரிவாகப் பதிவு செய்ய வேண்டியுள்ளது. அதே காலையில் நமக்குத் தெற்கே உள்ள கடற்கரை ஊர்களான ஸ்கார்பரோவும் விட்பியும் தாக்கப்பட்டன. நம் ஊரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஸ்கார்பரோவின் இழப்பு அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் படைக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டிகளில் ஏறியது "ஸ்கார்பரோவை மறவாதீர்" என்ற முழக்கம். இதற்கு வஞ்சகம் எதுவும் காரணமில்லை என்பதே என் கருத்து. ஸ்கார்பரோ காவலற்ற கடற்கரை உல்லாச நகரம். 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை அத்தகைய ஊர்களைத் தாக்கக் கூடாது என்றது. நமக்கோ துறைமுகமும் கப்பல் கட்டும் தளங்களும் பீரங்கிகளும் இருந்தன. திருப்பிச் சுட்ட ஊரை அப்பாவி என்று சுவரொட்டியில் காட்ட முடியாது. எதிர்த்து நின்றதாலேயே நம் இறந்தவர்கள் பிரசாரத்துக்கு உதவாமல் போனார்கள்.

மாதாந்திரக் கூட்டங்களில் இப்பேச்சு எங்கே தொடங்கினாலும் கவுன்சில் வரியிலும், கண்ணாடி உடைந்தே கிடக்கும் பேருந்து நிழற்குடையிலும், 2011இல் மூடப்பட்ட மருத்துவமனை அவசரப் பிரிவிலும் போய் முடிகிறது. 1967இல் பழைய ஹார்ட்லிப்பூலையும் வெஸ்ட் ஹார்ட்லிப்பூலையும் இணைத்ததை இன்னும் ஒப்புக்கொள்ளாத மூத்தவர்கள் நம்மிடையே உண்டு. 1974இல் கிளீவ்லாந்து மாவட்டத்தில் சேர்த்ததையும், 1996இல் அது கலைக்கப்பட்டதையும் அவர்கள் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். அஞ்சலிச் சங்கத்தில் அரசியல் வேண்டாம் என்று சிலர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டனர். செயற்குழு கூடிப் பேசி, கட்சிப் பேச்சு கூடாது, ஊர்க் குறை பேசலாம் என்று முடிவு செய்தது. எப்படியும், கால்பந்துக் குழுவின் சின்னமாகக் குரங்கு வேடம் போட்டவரையே 2002இல் மேயராகத் தேர்ந்தெடுத்து, மேலும் இரு முறை வெற்றிபெறச் செய்து, பின்பு 2012இல் வாக்கெடுப்பு நடத்தி அந்தப் பதவியையே ஒழித்த ஊர் இது. இங்கே அரசியல் பேசாதே என்று எந்தத் தீர்மானம் போட்டும் பயனில்லை.

ஆயினும் எல்லாக் குறையையும் வெளியூர்க்காரர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது என்பதற்கு எக்பர்ட் சாட்சி. போர்க்கடன் பத்திரங்களை விற்க முதல் உலகப் போரில் ஊர் ஊராகச் சுற்றிய டாங்கிகளில் ஒன்று எக்பர்ட். தலைக்கு அதிகமாகப் பணம் தந்த ஊர் என்பதற்காக அது வெஸ்ட் ஹார்ட்லிப்பூலுக்குப் பரிசாகக் கிடைத்து, ஸ்ட்ராண்டன் கார்த்தில் நிறுத்தப்பட்டது. 1937இல் அதைப் பழைய இரும்புக்கு அனுப்பிவிட்டார்கள். லண்டன் சொல்லி அனுப்பவில்லை. முடிவு உள்ளூரிலேயே எடுக்கப்பட்டது. இதை நான் கூட்டத்தில் சொன்னபோது முணுமுணுப்பு எழுந்தது; குறிப்பேட்டிலிருந்து நீக்கச் சொன்னவரும் உண்டு. நீக்கவில்லை.

கல்வெட்டைச் சுற்றியுள்ள தளத்தைச் சீரமைக்கக் கோரி உரிய அலுவலகத்துக்கு வசந்த காலத்தில் கடிதம் அனுப்பினோம். வேறொரு துறையைக் கேட்கும்படி பதில் வந்தது. அந்தத் துறை முதல் அலுவலகத்தையே கேட்கச் சொன்னது. கடிதப் போக்குவரத்து கோப்பில் உள்ளது, விரும்புவோர் பார்வையிடலாம். தொடர்ந்து எழுதுவோம். ஹியூ பீரங்கித் தள அருங்காட்சியகத்துக்கு உறுப்பினர்கள் குடும்பத்துடன் சென்று வந்தது மன நிறைவளித்தது.

வரும் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சிறு துண்டுப் பிரசுரம் ஒன்று அச்சிட செயற்குழு பரிந்துரைக்கிறது. அதில் டிசம்பர் 16இன் நிகழ்வுகளும், சுவரொட்டியில் நம் ஊர் இடம்பெறாத காரணமும், எக்பர்ட்டின் கதையும் மூன்றும் இருக்க வேண்டும் என்பது செயலாளரின் முன்மொழிவு. மூன்றாவதைச் சேர்ப்பதில் செயற்குழுவுக்குள் ஒருமித்த கருத்து ஏற்படாததால், அதனை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை ஏற்றருள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்