ஆண்டறிக்கை: சாலைப்பணி இடங்களில் வேகக் குறைப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஓட்டுநர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நெடுஞ்சாலையில் வேலை நடக்கும் இடங்களில் வண்டிகள் மெதுவாகப் போகச் செய்ய வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். இந்த அறிக்கை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். மாதக் கூட்டங்களும் சந்தா வசூலும் வழக்கம்போல நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது.

முதலில் ‘மெதுவாகச் செல்லுங்கள்’ என்று துண்டறிக்கை அடித்துக் கொடுத்தோம். வாங்கியவர்கள் டாஷ்போர்டில் போட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே கிளம்பினார்கள். சரி, அறிவுரை வேண்டாம் என்று அடுத்த தாளில் கணக்கை மட்டும் போட்டோம். 3 கிலோமீட்டர் வேலைப் பகுதியை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் கடக்க 2 நிமிடம் 15 விநாடி ஆகும்; 50-இல் போனால் 3 நிமிடம் 36 விநாடி. மிச்சம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ஆனால் 80-இல் வரும் கார், ஓட்டுபவர் ஆபத்தைப் பார்த்து பிரேக் மிதித்து நிற்பதற்குள் காய்ந்த சாலையிலேயே ஏறத்தாழ 70 மீட்டர் ஓடிவிடும். 50-இல் அதில் பாதி போதும். பாரம் ஏற்றிய லாரிக்கு இதைவிடக் கூடுதல் தூரம் வேண்டும். இந்தத் தாளை வாங்கியவர்கள்தான் நின்று பேசினார்கள், சண்டையும் போட்டார்கள்.

அங்கே அடிபடுவது வேலையாட்கள் மட்டும் என்ற எண்ணம் நம் உறுப்பினர்களிடமே இருந்தது. நின்றுபோன வண்டி வரிசையின் கடைசியில், பின்னால் வருபவர் வந்து மோதுவதுதான் அடிக்கடி நடப்பது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட இடங்களில் நடக்கும் விபத்துகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் வண்டியில் இருந்தவர்களே.

ஓட்டுநர்கள் திருப்பிக் கேட்டதும் நியாயமே. வேலை முடிந்து ஆளே இல்லாத சாலையில் ‘30’ பலகை நாள்கணக்கில் நிற்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர் நிஜமாகவே ஆள் இருக்கும் இடத்திலும் பலகையை நம்புவதில்லை. என்னைக் கேட்டால், பொய் சொல்லும் பலகை, பலகையே இல்லாததைவிட மோசம். ஒரு ஒப்பந்ததாரரிடம் இதைச் சொன்னோம். மாலையில் வேலை முடிந்ததும் பலகை மேல் சாக்கைக் கட்டி மூடிவிட்டு, காலையில் அவிழ்க்க ஆள் வைத்தார். இன்னொரு இடத்தில் தடுப்புக் கூம்புகளின் ஒளிரும் பட்டையில் சேறு அப்பியிருந்தது; இரவில் ஹெட்லைட் பட்டாலும் தெரியவில்லை. நம் இளைஞர்கள், அங்கிருந்த மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, வேலை நிற்கும் நேரத்தில் ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டில், வரும் வண்டியின் வேகத்தை அதற்கே காட்டும் மின்பலகையை வேலைப் பகுதிக்கு வெகு முன்னாலேயே வைக்கச் சொல்லி மனு கொடுக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அப்புறம், வரிசையின் கடைசியில் நிற்பவர், பின்னால் இன்னொரு வண்டி வந்து நிற்கும்வரை நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவைக்க வேண்டும் என்பதை உறுப்பினர்கள் எல்லோரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையை ஏற்றுத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்