பத்தொன்பதாம் நாள் இறந்தவர் எந்தக் கணக்கில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாலை விபத்தில் நடந்து செல்வோர் இறப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். 2022இல் நாடு முழுவதும் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. இதுவே மனதைப் பிசைகிறது. ஆனாலும் உண்மை இதைவிட அதிகம் என்றுதான் சொல்வேன். என் மாமா இப்படித்தான் விடுபட்டுப் போனார்.

போன ஐப்பசியில் விடிகாலை ஐந்தரை மணிக்குத் தூக்குப்போசியில் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்கு நடந்து போனார். தாராபுரம் ரோட்டில் பின்னாலிருந்து வந்த பைக் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் தார் மேல் நடக்கவில்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது பால் கொட்டிய ஈரம் முழுக்க ஓரத்து மண்ணில்தான் இருந்தது. கோவை ஆஸ்பத்திரியில் 11 நாள் வைத்திருந்தோம். அப்புறம், வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். 19ஆம் நாள் ஆசாரத்துக் கட்டிலில் உயிர் போயிற்று. போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டோம்.

வழக்கு முதல் நாள் எழுதியபடியே 'காயம்' என்று கிடக்கிறது. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அதை விபத்து மரணமாகச் சேர்ப்பதுதான் உலக அளவில் பரிந்துரைக்கப்படும் முறை. இடித்த வண்டி எதுவென்று தெரியாவிட்டால் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் நஷ்டஈடு என்பது 2022 ஏப்ரலில் இருந்து சட்டம். அத்தைக்கு இதில் எது என்பதை அந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது.

பணத்தோடு போகிற விஷயமும் இல்லை. அரை கிலோமீட்டர் தூரத்துக்குள் 3 ஆண்டுகளில் 10 பேர் இறந்திருந்தால், அல்லது மரணமோ கொடுங்காயமோ நேர்ந்த விபத்து 5 நடந்திருந்தால்தான் அந்த இடத்தை 'கரும்புள்ளி' என்று குறிக்கிறார்கள். குறித்தால்தான் விளக்கு, வேகத்தடை, நடைபாதை என்று ஏதாவது வரும். கணக்கில் ஆள் குறைந்தால் அந்த ரோடு இருட்டாகவே கிடக்கும்.

டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் எஃப்.ஐ.ஆர்.களை எடுத்துப் படித்துவிட்டு, நடந்து போய்ச் சாகிறவர்களின் பங்கு அரசுக் கணக்கில் குறைத்துக் காட்டப்படுகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். மொத்தச் சாவுக் கணக்கே அப்படித்தான். 2016இல் அரசு சொன்னது 1,50,785, உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ 2,99,091.

சரி, செய்ய முடியாத வேலையா இது? சென்னை ஐ.ஐ.டி. உதவியோடு உருவான செயலியில் 2021 முதல் போலீசார் விபத்து நடந்த இடத்திலேயே விவரங்களைப் பதிகிறார்கள். அடிபட்டவர் வீட்டுக்கு 30ஆம் நாள் ஒரு போன் போட்டுக் கேட்டு, அதிலேயே பதிந்தால் போதும். விபத்தில் அடிபட்டவர்களுக்குத் தமிழக அரசு செலவில் சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களின் பட்டியலை ஊராட்சி, நகராட்சி இறப்புப் பதிவேட்டோடு மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட ஆட்சியர்கள் இதை முதலில் தொடங்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காங்கயம்